உப்புநீரில் ஏழு

உயிரின் விலை நானூறு, வரி தனி. ஒளியிழை ஒன்றுக்கு நான் சொல்லும் விலை அது. இழையின் நுனியை ரத்தத்தில் முக்கினால், அதில் எத்தனை புற்றுநோய் செல்கள் இருக்கின்றன என்று என் கருவி எண்ணிச் சொல்லிவிடும். ஒரு தடவைக்கு ஓர் இழை.

அன்று பரிசோதனைக்கூடத்து முதலாளியம்மாவின் முன்னால், வெறும் உப்புநீர் நிரப்பிய குழாயைக் கையில் பிடித்து, அதில் இழையை முக்கிக் காட்டினேன். பூஜ்யம் வர வேண்டும். ஏழு வந்தது.

"தண்ணிக்கே புத்துநோயா தம்பி? அப்போ பாதி விலைக்குப் பேசலாம்" என்று சிரித்தார்.

இழையை மாற்றினேன். நீரையும் மாற்றினேன். ஏழு.

"இப்படிக் குடுங்க" என்று குழாயை வாங்கி அவரே பிடித்தார். பூஜ்யம். அவருடைய கணக்காளர் பிடித்தார். பூஜ்யம். மறுபடி நான் பிடித்தேன். ஏழு.

"ஏசி காத்து படுதுக்கா, அதான்" என்றேன்.

அவர் கணக்காளரிடம் திரும்பினார். "கருவியை எடுத்துக்கலாம். தம்பி சொன்ன விலையே போட்டுடுங்க."

குண்டூசி வாங்கினாலும் பேரம் பேசுகிறவர் அவர்.

"பத்து சதவீதமாவது குறைச்சுக் கேளுங்கக்கா" என்றேன். கெஞ்சுவது போலிருந்தது என் குரல்.

"வேணாம்ப்பா. வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

படியிறங்கி வந்து மாதிரிப் பெட்டியின் கணக்கை எழுதினேன். கொண்டுவந்த இழை பத்து. பூஜ்யம் காட்டியது இரண்டு. ஏழு காட்டியது மூன்று. கம்பெனிக்குத் திரும்புவது நான்கு. மீதி ஒன்று, என் பெயரில்.