பிறவுணியின் கல்வெட்டு

“செருப்பை இன்னும் கொஞ்சம் திருப்பி வை. பல்லடையாளம் தெரியவேணும்” என்றாள் தாட்சாயினி.

மகள் சாரங்கா செருப்பைத் திருப்பி வைத்து, கைபேசியைக் குனிந்து பிடித்தாள். பதினேழாவது, இடது கால் செருப்பு. பன்னிரண்டு வருடங்களில் பிறவுணி கடித்த பதினேழு செருப்புகளும் இடது கால்தான். கறுப்பு நாய்க்கு மண்ணிறத்தின் பெயரால் பிறவுணி என்று பெயர் வைத்த வீட்டில் இதை யாரும் விசித்திரமாக எடுக்கவில்லை.

அது செத்து இருபது நாளாகிறது. வீட்டில் அதன் படம் ஒன்றுகூட இல்லை. கைபேசியைத் தூக்கினாலே கட்டிலுக்குக் கீழே போய்விடும். சாரங்கா பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியவீட்டு அல்பத்தில், பந்தல் காலுக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் விழுந்திருக்கிறது. அதனால்தான் அது விட்டுப்போன சாமான்களை விறாந்தையில் பரப்பிப் படம் எடுக்கிறார்கள். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். மனிதர்கள் செத்தால் வரலாறும் படமும் போட்டு அச்சடித்துக் கொடுக்கிற அதே நினைவுப் புத்தகம்தான். எட்டுப் பக்கம்.

“நாய்க்குக் கல்வெட்டு அடிச்சா கண்டாவளை முழுக்கச் சிரிக்கும்” என்றார் அவள் அப்பா மயில்வாகனம், கதிரையில் இருந்தபடி. நெடுங்கேணியிலிருந்து அந்தக் குட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான்.

“சிரிக்கட்டும். போன மாதம் ஒருத்தருக்கு ‘சாந்தமே உருவானவர்’ எண்டு அடிச்சவை. அந்தாள் வேலிச் சண்டையில கத்தி எடுத்தது ஊருக்கே தெரியும். எங்கட பிறவுணிக்காவது உண்மையை மட்டும் எழுதுவம்” என்றாள் தாட்சாயினி.

அடுத்தது அறுந்த சங்கிலி. சாரங்கா முதல்முதல் வவுனியாக் கம்பஸுக்குப் போன நாள், பஸ்ஸுக்குப் பின்னால் ஓட அறுத்தது. கம்பஸ் வரைக்கும் ஓடிவிடுமோ என்று அவள் பின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே போனாள்.

“படம் மங்கிப்போச்சு. திரும்ப எடுக்கிறன்” என்றாள். மங்கியது படம் இல்லை.

கடைசியாகத் தாட்சாயினி பிறவுணியின் அலுமினியச் சாப்பாட்டுக் கோப்பையை மினுக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

“இதுதான் முன் அட்டை. கீழ ‘வெள்ளி விரதம் தவறாத சீவன்’ எண்டு போடு.”

“அம்மா, நாய் விரதம் பிடிக்குமே?”

“பிடிச்சதுதானே. மற்ற நாளில சட்டியையே நக்கும். வெள்ளியில நான் வைச்ச சோறும் பருப்பும் அப்பிடியே கிடக்கும். காலமை அப்பாவோட கோயிலுக்குப் போனா, பின்னேரம்தான் ரெண்டு பேரும் வருவினம். மத்தியானம் ஒரு வாய் தொடமாட்டினம். ஆளுக்கும் விரதம், நாய்க்கும் விரதம்.”

“மாசி, பங்குனியில மட்டும் சாப்பிடுமே?”

“அது வெயில்” என்றார் மயில்வாகனம் அவசரமாக. “வாயில்லாச் சீவன், எவ்வளவைத் தாங்கும்? விரதத்தைப் பற்றி எழுத வேண்டாம். வெளியில சொன்னாப் பலன் போயிடும்.”

படலை திறந்தது. குளக்கட்டுக்கு அங்கால் இருக்கிற மீன்காரர் கிறகோரி, மீன்பெட்டி இல்லாமல் ஒரு பையோடு வந்தார்.

“இண்டைக்கு மீன் வேண்டாம், கிறகோரி” என்று மயில்வாகனம் எழும்பியே விட்டார்.

“விக்க வரேல்லை அண்ணை. பிறவுணியின்ர சாமான் படம் எடுக்கிறியள் எண்டு கேள்விப்பட்டன். என்னட்டையும் ஒண்டு கிடக்கு.” பைக்குள்ளிருந்து விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பையை எடுத்தார். “வெள்ளியில எனக்கு வியாபாரம் இல்லைத்தானே, அக்கா. வீட்டில மீன் பொரிச்சா அதுக்கும் ரெண்டு துண்டு இதில வைப்பன். மத்தியானம் சொல்லி வைச்ச மாதிரி வந்து நிக்கும்.”

தாட்சாயினி முன் அட்டைக்கு வைத்த கோப்பையைப் பார்த்தாள். “வெள்ளியிலயோ?”

“ஓம். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தவக்காலத்தில மட்டும் வராது. மாசி, பங்குனி வெள்ளியில எங்கட வீட்டிலயும் மச்சம் இல்லை. என்ர மனிசி ஞானமலர் மீன் சட்டியைக் கவிட்டு வைச்சிடுவா. அந்த நாளையில அது உங்கட வீட்டிலதானே சாப்பிட்டிருக்கும்?”

மயில்வாகனம் இருமினார். கிறகோரி கதையை நிறுத்திக்கொண்டார், கொஞ்சம் பிந்தி.

தாட்சாயினி கணவரின் பக்கம் திரும்பினாள். “மாசி, பங்குனி வெள்ளியில நீங்களும் மத்தியானம் வீட்டிலதானே சாப்பிட்டனீங்கள்?”

அவர் பதினேழாவது செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாரங்கா, உண்மையை மட்டும்தானே எழுதிறம்” என்றாள் தாட்சாயினி. “குசினிக்குள்ள போய் அப்பாவின்ர சாப்பாட்டுக் கோப்பையையும் எடுத்துவந்து பிறவுணியின்ர கோப்பைக்குப் பக்கத்தில வை. ரெண்டையும் சேர்த்து எடு.”