முடக்கத்தான் தோசை

செங்கமலம் வீங்கிய விரலைச் சுவரிலிருந்த மாத்திரைப் பெட்டிக்குள் நீட்டினாள். ஊசி குத்தியது. சனிக்கிழமைதோறும் ரத்தம் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாட்டிய அந்தப் பெட்டி மூட்டுவாத மாத்திரையைக் கீழே தள்ளும். இன்று தள்ளவில்லை.

"ரத்தத்தில் முடக்கத்தான் கீரை அளவுக்கு மேல் உள்ளது. மாத்திரையோடு சேரக் கூடாது. அடுத்த வாரம் பார்க்கலாம்," என்றது பெட்டி, மூன்றாவது வாரமாக.

அவளுக்கு அலுத்துவிட்டது. பெட்டியோடு வாதாடியும் பார்த்தாயிற்று. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததால் அடுப்படியில் நின்ற பூமிநாதனுக்கு எதுவும் கேட்கவில்லை.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தம்ளர் வெந்நீர் வைத்தறியாத மனுஷன். அவள் விரல்கள் கோணத் தொடங்கிய பிறகுதான், மொட்டைமாடித் தொட்டியில் கொடியைப் படரவிட்டு, தினமும் கீரை பறித்து, மாவோடு அரைத்துத் தோசை வார்க்கப் பழகியிருந்தார். ஓரம் கருகும், நடு வேகாது. அதை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

இன்று சொல்லிவிடுவது என்று தட்டின் முன் உட்கார்ந்தாள். தோசையைப் பிய்க்க விரல் மடங்கவில்லை.

பூமிநாதன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா, போன வாரத்தைவிட வீங்கிருக்கு? கீரை பத்தல போல. நாளையிலேருந்து ரெண்டு கைப்பிடி போட்டு அரைக்கிறேன்."

"அது இல்லீங்க..." என்று வாயைத் திறந்தாள்.

அவர் ஒரு விள்ளலைப் பிய்த்து, சட்னியில் தொட்டு ஊட்டினார்.

"உப்பு சரியா இருக்கா?"

மென்று விழுங்க வெகுநேரமானது. சரியாக இருக்கிறதென்று தலையாட்டினாள்.