வட்டத் திட்டுகள்

பையைச் சோதித்த காவலாளி அந்த டப்பாவை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டார்.

பாதி காலியான வெள்ளைக் களிம்பு. வெளியிலிருந்து வருகிற எதையும் குழந்தைக்குப் பூசக் கூடாது என்பது காப்பகத்தின் விதி. குழந்தையைப் பார்க்க வந்திருந்த தாய் சண்டைக்கு நிற்கவில்லை. டப்பாவைத் திறந்து, தன் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, கையை என் முன்னால் நீட்டினாள். ஒன்றும் ஆகாது என்று எனக்குக் காட்டுகிறாளாம்.

சரி, போகட்டும் என்று தலையசைத்தேன்.

குழந்தையை அவளிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து பத்தொன்பது நாள் ஆகிறது. ஓயாமல் அழுகிறது, உடம்பில் சூடு வைத்த தழும்பு இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகார். தோல் டாக்டரின் தேதி அடுத்த மாதம்தான் கிடைத்தது. இன்றுதான் தாய்க்கு முதல் அனுமதி, ஒரு மணி நேரம். நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். குழந்தை வீட்டுக்குப் போகுமா, இங்கேயே இருக்குமா என்று அதை வைத்து வெள்ளிக்கிழமை முடிவெடுப்பார்கள்.

இந்த வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருடம். அலுவலகத்தில் நான் இல்லாதபோது என்னைப் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். காதில் விழும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

எத்தனையோ பேர் இந்த அறையில் நீலிக்கண்ணீர் வடித்துப் பார்த்திருக்கிறேன். பெரிய பொம்மையாக வாங்கி வருவார்கள். குழந்தையைக் கட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் என் பேனாவைப் பார்ப்பார்கள்.

இவள் என் பக்கமே திரும்பவில்லை.

ஏழு மாதக் குழந்தை. ஆயா பாயில் கிடத்தியதும் பின்னந்தலையைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தது. தாயை ஒரு முறை பார்த்தது. யாரோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்கியது.

அவள் முகம் செத்துவிட்டது. இப்போது அழுவாள் என்று நினைத்தேன்.

அழவில்லை. காப்பகத்தில் போட்டுவிட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றினாள்.

முதுகிலும் தொடையிலும் வட்ட வட்டமாகச் சிவந்த திட்டுகள். சுற்றிலும் தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது.

சுவரோரக் குழாயில் ஒரு பழைய துணியை நனைத்துப் பிழிந்து வந்தாள். தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஈரம் காய்வதற்குள் களிம்பை உள்ளங்கையில் எடுத்து, இரண்டு கையையும் சேர்த்துச் சூடாக்கிக்கொண்டு, கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே போக்கில் தடவினாள். அவசரமே இல்லை. ஒரு மணி நேரம்தான் என்பது அவளுக்குத் தெரியாதோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

குழந்தையின் சிணுங்கல் குறைந்தது. தலையைத் தேய்ப்பது நின்றது. பிறகு அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, அந்த முகத்தை மறுபடியும் பார்த்தது. இந்த முறை திரும்பிக்கொள்ளவில்லை.

கணுக்காலுக்கு வந்தபோது அவள் கை நின்றது.

அங்கே இன்னொரு வட்டம். அப்போதுதான் வந்தது போலச் சின்னதாக, பளபளவென்று.

நானும் எட்டிப் பார்த்தேன். முதல் நாள் எடுத்த புகைப்படங்களில் அது கிடையாது. அந்தப் படங்கள் எனக்கு மனப்பாடம். பத்தொன்பது நாளாகக் குழந்தை எங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆயாக்கள் தங்கமானவர்கள். இங்கே யாரும் எந்தக் குழந்தைக்கும் சூடு வைப்பதில்லை.

பேனாவை மூடி வைத்தேன்.

அவள் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் தொட்டுப் பாருங்க மேடம். புண்ணு இல்ல, தோல் வறண்டு போய் வர்றது. நான் சிகரெட்டால சுட்டேன்னு எழுதியிருக்காங்க. எழுதினவங்க ஒரு தடவை வந்து தொட்டுப் பாத்திருந்தா போதும்."

நான் எழுந்து போய்ப் பாயருகே உட்கார்ந்தேன். அவளே என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, குழந்தையின் முதுகில் வைத்தாள்.

சொரசொரவென்று இருந்தது. மேலே மெல்லிய பொருக்கு, அடியில் குழந்தையின் இளஞ்சூடு. சூட்டுத் தழும்பு இப்படி இருக்காது. வழுவழுவென்று இறுகிப்போய் இருக்கும். இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ தழும்புகளைத் தொட்டிருக்கிறேன். இந்த முதுகைத்தான் தொடவில்லை.

புகார் வந்த அன்றைக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. குழந்தையைப் பார்க்கப் போன ஊழியர் நான்கு புகைப்படங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு வட்டங்கள். சிகரெட்டால் சுட்ட தழும்புகள், சந்தேகமில்லை, குழந்தையை உடனே பிரிக்கவும் என்று எழுதினேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"எழுதினது நான்தாம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

அவள் விடவில்லை. வலிக்கிற அளவுக்கு என் விரலை இறுக்கிப் பிடித்து, அடுத்த வட்டத்தின் மேல் வைத்தாள். பிறகு அதற்கு அடுத்ததின் மேல். ஒன்றைக்கூட விடாமல்.