கொள்ளைக்காரத் தாத்தா தேவை

தமிழ்நாட்டில் தாத்தா கொள்ளைக்காரர் என்று தெரிந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். போர்ட் பிளேரில் கதையே வேறு. வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பிய கைதியின் வாரிசு என்று சான்றிதழ் வைத்திருந்தால் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் தனி ஒதுக்கீடு உண்டு.

ஒச்சப்பனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருடைய குடும்பம் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியது. தாத்தா கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து சுமந்தவர். ஓர் இலையைக்கூடத் திருடாத யோக்கியர். யோக்கியராக வாழ்ந்து கொள்ளுப்பேத்தியின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்.

மகள் பானு நர்சிங் சேர இன்னும் நான்கே நாள் இருந்தது. ஒச்சப்பன் துணிந்து மனுவில் ஒரு தாத்தாவை உண்டாக்கினார்.

மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அதிகாரி பாலசுப்பிரமணியம் மனுவை இரண்டு முறை படித்தார்.

“ஆதாரம் எங்கே?”

“கச்சால்ல வீட்டோட சுனாமி கொண்டுபோயிருச்சு சாப்.”

அந்த மனுவில் அது ஒன்றுதான் உண்மை.

“பொய்னு தெரிஞ்சா ஜெயில்தான். சரி, உங்க தாத்தா ஏன் கொள்ளையடிச்சார்?”

ஒச்சப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மூணு வருஷம் மழை இல்ல சாப். வரி மட்டும் தவறாம வந்துச்சு. ஊர்க்காவல் எங்காளுங்க கையில இருந்துச்சு, வெள்ளைக்காரன் அதையும் புடுங்கிட்டான். காவக்காரனுக்குக் கூலி இல்லன்னா என்ன செய்வான்? களஞ்சியத்துக்கு வழி தெரிஞ்சவனே அவன்தானே!”

“நகை எடுத்தாரா?”

“நெல்லு மட்டுந்தான் சாப். பசிக்கு நகையவா திங்கிறது? ஊருக்கே பங்கு வச்சுக் குடுத்தாரு.”

சொல்லச் சொல்ல ஒச்சப்பனுக்கே அந்தத் தாத்தா மேல் பாசம் வந்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

“கும்பல்ல எத்தனை பேர்?”

“ஏழு பேரு சாப்.”

“மத்த ஆறு பேர் யாரு? பேர் சொல்லுங்க.”

பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கப் போகிறார், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார் ஒச்சப்பன். கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் தன்னோடு பால் வெட்டியவர்களை நினைத்து வாய்க்கு வந்த ஐந்து பெயரைச் சொன்னார்.

“ஆறாவது ஆளு?”

“மறந்துபோச்சு சாப்,” என்றார் அழாக்குறையாக.

பாலசுப்பிரமணியம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து பானுவின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். பிறகு குறித்து வைத்த தாளை ஒச்சப்பன் பக்கம் தள்ளினார்.

“அந்த ஆறாவது ஆள் எங்க தாத்தாதான், சாட்சிக் கையெழுத்து இங்க போடுங்க, என் பையனும் இந்த வருஷம்தான் பிளஸ் டூ முடிச்சிருக்கான்.”