பாண்டிதுரை மீது நான்கு குற்றங்கள்

"முதல் குற்றம். சிவகாசி அணியோடு ஆடும்போது, கைக்கு நேரே வந்த பந்துக்குக் குதிக்காமல் நின்ற இடத்திலேயே தட்டிவிட்டது.

"இரண்டாவது குற்றம். சங்கரன்கோவில் அணியோடு ஆடும்போது, ஓடி எடுக்க வேண்டிய பந்தை நடந்துபோய் வழியனுப்பி வைத்தது.

"மூன்றாவது குற்றம். வத்திராயிருப்பு அணியோடு ஆடும்போது, டைம் அவுட் கேட்டுவிட்டு, கேப்டனே முதல் ஆளாகத் தரையில் உட்கார்ந்தது.

"நான்காவது குற்றம். மூன்றிலும் தோற்றுவிட்டுச் சிரித்தது!"

பெத்தம்மாள் மூச்சு வாங்கினார். மில் வேலைநிறுத்தங்களில் மைக் இல்லாமலே ஊரை எழுப்பிய குரல் அது. ஓய்வு பெற்ற பிறகு, தான் செயலாளராக இருக்கும் இராஜபாளையம் செங்கதிர் வாலிபால் அணிக்காக மட்டுமே அது ஒலிக்கிறது.

லீக் தொடங்கியபோது தொடர்ந்து வெற்றி. பாதி தாண்டியதும் தொடர்ந்து தோல்வி. வரும் ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுத்த ஆட்டம். அதிலும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"இப்ப தீர்மானத்துக்கு வாரேன். லீக் முடியிற வரைக்கும் பாண்டிதுரைய ஆட்டத்துல எறக்கக் கூடாது."

பாண்டிதுரை எழுந்தான். "அக்கா, இந்த ஒரு மேட்ச் குடுங்க. எப்படி அடிக்கேன்னு பாருங்க."

"நீ அடிச்சது போதும்லே. உக்காரு."

"நான் இல்லாட்டி அடிக்க ஆளு ஏது?"

"சோலைராஜ் இருக்கான்."

சோலைராஜ் பதறிப்போனான். "யக்கா, நான் அடிச்சா பந்து மலையில போயில்லா விழும்!"

"விழட்டும். வேற பந்து வாங்கித் தாரேன்."

சக ஆட்டக்காரன் சேதுபதிக்குப் பொறுக்கவில்லை. "அஞ்சு வருசமா இந்த டீமத் தூக்கிச் சொமந்தவன். மூணு மேட்ச்சுக்காக இப்படி நிப்பாட்டுதியளே, நியாயமா? மில்லுல ஒரு ஆள நிப்பாட்டுனா மொத ஆளா கொடியத் தூக்கிட்டு வாசலுக்குப் போவிய. இங்கன மட்டும் நீங்களே முதலாளியா?"

பெத்தம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஆமாலே, முதலாளின்னே வச்சுக்க. அவன எறக்குனியன்னா நெட்டுக்கு அடியில உண்ணாவிரதம் உக்காந்துருவேன். போலீஸ் வந்து தூக்குனாலும் சரி, எனக்கென்ன புதுசா?"

செய்யக்கூடியவர்தான். ஒருவர் பின் ஒருவராகக் கைகள் உயர்ந்தன.

பாண்டிதுரை தன் ஜெர்சியைச் சோலைராஜ் மடியில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினான்.

"கல்நெஞ்சக்காரி," என்றான் சேதுபதி. அவர் காதில் விழட்டும் என்றே சொன்னான்.

ஞாயிறு காலை, ஆட்டத்துக்கு வெகு நேரம் முன்பே அணி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியது. ஒரு ரகசியத் திட்டம் இருந்தது. ஆண்டாள் கோயிலில் அணியின் பெயருக்கு ஓர் அர்ச்சனை.

"அக்காவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம்லே," என்றான் சோலைராஜ். "போன வருசம் பந்துக்குச் சந்தனம் வச்சதுக்கே, பகுத்தறிவுன்னா என்னன்னு பஸ்சுல ஊர் வார வரைக்கும் பேசுனாவ."

"பயப்படாத. அவிய கோயில் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டாவ," என்றான் சேதுபதி.

பாண்டிதுரையும் வந்திருந்தான். "நான் ஆடாட்டி என்னலே, டீமு ஜெயிக்கணும்ல?"

வரிசையில் நின்றபோது சேதுபதிக்குச் சந்தேகம் வந்தது. "அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேப்பாவளே. நம்ம டீமுக்கு எதுலே நட்சத்திரம்?"

"நட்சத்திரம் தெரியாது. நடக்கது அட்டமத்துச் சனி," என்றான் சோலைராஜ்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு சன்னதியை நெருங்கினார்கள். முன்னால் நின்ற பெண் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். முகம் தெரியவில்லை. ஆனால் ரகசியம் பேசிப் பழகாத குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

"சாமி, ஒரு பையனுக்காக வந்துருக்கேன். முட்டி வீங்கிக் கெடக்கு. கொஞ்ச நாளைக்குக் குதிக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. போலீஸ் வேலைக்கு எழுதிப் பாஸ் பண்ணிருக்கான், அடுத்து ஓட்டப் பரீட்சை. முட்டி போச்சுன்னா வேலையும் போச்சு. ஆனா டீமு தோக்குதேன்னு, வலிய வெளிய காட்டாம ஆடிக்கிட்டே இருக்கான். அவிய அம்மா கெஞ்சிப் பாத்துட்டாவ, கேக்கல. அதான் நான் திட்டி உக்கார வச்சேன்."

சேதுபதி திரும்பிப் பாண்டிதுரையைப் பார்த்தான். பாண்டிதுரை தரையைப் பார்த்தான்.

"எனக்கு வேண்டிக்கத் தெரியாது சாமி. என்ன சொல்லணுமோ, நீங்களே சொல்லிருங்க."

"பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கம்மா."

பெத்தம்மாள் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சாமி. தெரிஞ்சவன் எவனாவது இருந்தா எம் மானம் போயிரும்," என்றார்.

அர்ச்சகர் தலையாட்டிக்கொண்டே மணியை எடுத்தார். பழக்கதோஷம். சன்னதி முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"திருவோண நட்சத்திரம், மகர ராசி, பாண்டிதுரை!"