மேலே பாருங்கம்மா

ஹூஸ்டன் சர்வமதக் கலை ஆலயத்துக்கு நகர விருது கிடைக்குமா என்று இயக்குநர் மார்லீன் தவித்துக்கொண்டிருந்தாள்.

பார்வையிட வந்த தேர்வுக் குழுத் தலைவர், முழுக்கக் கருப்பு நிறமே பூசிய ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டார். அங்கே தரையில் உட்கார்ந்து ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"யாரும்மா இவங்க?"

"ஒஃபீலியா. தினமும் வருவாங்க சார். எங்க ஓவியம் அப்படி!"

"அடேயப்பா! விருது உங்களுக்குத்தான்."

தலைவருடன் வந்த புகைப்படக்காரர் ஒஃபீலியாவை நோக்கிக் கேமராவைத் தூக்கினார். "மேலே பாருங்கம்மா. புதுக் கண்ணாடிக் கூரை வெளிச்சம் முகத்துல விழட்டும்."

"பார்க்க முடியாதுய்யா. அதை மாட்டும்போதுதான் என் பையன் இங்கே விழுந்து செத்தான். சுவர்ல அவன் பேரைப் பொறிக்கிறேன்னு இந்தம்மாதான் சொல்லியிருக்காங்க."

நேற்றும் அதே வாக்கைக் கொடுத்திருந்த மார்லீன், தலைவரின் காதருகே குனிந்தாள்.

"பாவம், மனசு சரியில்லாதவங்க சார். பிள்ளையே கிடையாது. நாங்கதான் அரவணைச்சுக்கிறோம்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதையும் பாராட்டுரையில சேர்த்துடறேன்."