இளநீர் நிறம்

"மதியம் வரைக்கும் கக்கூஸ் சாவி எங்கிட்டதான் இருக்கும். வேற யாருக்கும் கிடையாது."

ஆறு வீட்டு வளவின் நட்டநடுவில் நின்று சொன்னாள். காலை ஐந்தரை மணி. ஆறு வீட்டுக்கும் பொதுவான ஒரே கக்கூஸ் வாசலில் ஆறு வாளிகள் வரிசையாகக் காத்திருந்தன.

அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து அவள் முழங்கையில் கிள்ளினாள்.

கிள்ளட்டும்.

ஆறு வருஷமாகக் குடலில் புண். குரோன்ஸ் என்று பெயர். வளவுக்காரர்களிடம் அம்மா சொல்லிவைத்த பெயர் அல்சர்.

அம்மாவின் சட்டப்படி, பொம்பளைப்பிள்ளை சாவியை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கதவைத் தட்டக் கூடாது. உள்ளே போனால் முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிட வேண்டும். சத்தம் வெளியே கேட்டுவிடுமாம்.

வளவிலேயே அவள்தான் முதல் பட்டதாரி. அடக்கிவைப்பதிலும் அவள்தான் முதல்.

போன மாதமும், இன்று குடிக்கப்போகிற இதே மருந்துத் தண்ணீர்தான். இரண்டு லிட்டர். குடித்துக் குடித்துக் குடலைக் கழுவினால்தான் கேமராவுக்கு உள்ளே இருப்பது தெரியும். அவள் ஒரு லிட்டரோடு நிறுத்திவிட்டாள். மூன்றாம் வீட்டு வாத்தியார் பேப்பரோடு கக்கூஸுக்குள் இருந்தார். தட்ட வெட்கம்.

டாக்டர் பாதியிலேயே கேமராக் குழாயை வெளியே எடுத்துவிட்டார். ஒன்றும் தெரியவில்லை, சுத்தமாக வாருங்கள் என்றார்.

புண் ஆறிவிட்டதா, குடலை வெட்ட வேண்டுமா. அது தெரிய இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. தட்டாத ஒரு கதவால் வீணாய்ப் போன மாதம்.

இன்று மூன்று மணிக்கு மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வாளிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

முதல் வீட்டுச் சகாயமேரி அக்காதான் அசைந்தாள். அவள் நிலைப்படி ஆணியில்தான் எப்போதும் சாவி தொங்கும். கழற்றி எறிந்தாள்.

"இத முன்னாடியே கேட்டா என்னடி? நாங்க என்ன கழுத்தையா புடிச்சோம்?"

பிறகு மூன்றாம் வீட்டைப் பார்த்தாள்.

"வாத்தியாரே, பேப்பர எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்கு நடங்க."

வாத்தியார் நடந்தார். மற்ற ஆண்களும் பின்னாலேயே போனார்கள். பெண்களுக்கு அடுத்த தெருவில் சகாயமேரி அக்காவின் தங்கை வீடு இருந்தது.

டாக்டர் கொடுத்த தாளைக் கக்கூஸ் கதவில் ஒட்டினாள். இளநீர் மாதிரித் தெளிவாகப் போகும்வரை குடிக்கவும் என்று அதில் எழுதியிருந்தது.

முதல் டம்ளர். எலுமிச்சைச் சுவை என்று பாக்கெட்டில் போட்டிருந்தான். பாத்திரம் தேய்க்கிற எலுமிச்சை.

நான்காவது டம்ளரில் வயிறு உருண்டது. ஓடினாள்.

உட்கார்ந்ததும் கை தன்னால் குழாய்க்குப் போனது.

திருகவில்லை.

வளவு கேட்கட்டும் என்று இருந்தாள். கேட்டது. ஒருவரும் செத்துப்போகவில்லை.

வெளியே வந்தபோது சகாயமேரி அக்கா கதவிலிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நெறம்டி?"



"பழைய கொழம்பு," என்றாள்.

அடுத்த தடவை ரசம். வடித்த ரசமா கலக்கிய ரசமா என்று ஐந்தாம் வீட்டு மும்தாஜ் அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே விளக்கம் கேட்டாள். அதற்கடுத்து டீத்தண்ணி. பால் ஊத்தாததுதானே என்றார்கள். நான்காம் வீட்டுக்கு வாழ வந்து இருபது நாளான புதுப்பெண் கதவு மறைவில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

இவளும் சிரித்தாள். சிரிக்கக் கூடாத நேரம். சிரித்துக்கொண்டே ஓடினாள்.

நடுவில் படியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். சென்னை ஆபீஸ் அனுப்பிய படிவம். வேலை கிடைத்து நான்கு நாளாகிறது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டாள். உடல்நிலை காரணமாக ஏதேனும் தேவை உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. அம்மா சொல்லி எழுதியது. அதை அனுப்ப மட்டும் விரல் வரவில்லை.

மூடினாள். அடுத்த டம்ளர்.

பத்து மணிக்கு இரண்டு லிட்டரும் காலி.

பதினொன்றுக்கு அம்மா வந்தாள். காலையிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வராதவள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, காதருகில் குனிந்தாள்.

"இன்னும் மஞ்சளாத்தான் இருக்கா?"

ஆறு வருஷத்தில் இதைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்வி.

பதினொன்றரைக்குக் கதவைத் திறந்து நின்றாள். வளவே அவள் முகத்தைப் பார்த்தது.

"இளநி."

சகாயமேரி அக்கா ஈரக் கையைத் தட்டினாள். மும்தாஜ் அத்தை அல்ஹம்துலில்லா என்றாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிய வாத்தியார், பேப்பரைக் கக்கத்தில் மடித்து வைத்தபடி வளவு வாசலிலேயே தயங்கி நின்றார். உள்ளே வரலாமாம்மா என்று அவளிடம் கேட்டார்.

"பத்து நிமிஷம் சார்."

நிற்கட்டும்.

ஒரு மணிக்குக் குளித்து உடுத்திக் கிளம்பினாள். சாவியை ஆணியில் மாட்டினாள். ஆட்டோ தெருவில் நின்றது. அம்மா ஃபைலோடு முன்னால் போய்விட்டாள்.

படிவத்தைத் திறந்தாள். 'இல்லை' என்பதை அழித்தாள்.

'உண்டு. கழிப்பறைக்குப் பக்கத்து மேசை.'

அனுப்பினாள்.

ரிசல்ட் வரட்டும் என்று அம்மா சொல்லியிருப்பாள். டெஸ்டுக்கே இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

பின்னால் கக்கூஸ் கதவு சாத்தும் சத்தம். சாவியை எடுத்துக்கொண்டு போனது புதுப்பெண். அடுத்த நொடி குழாய் கொட்டத் தொடங்கியது.

இவள் திரும்பி வந்தாள். கதவை ஓங்கித் தட்டினாள்.

"கொழாய மூடுடி."

பதிலுக்கு நிற்கவில்லை. வாசலைத் தாண்டும்போது, பின்னால் தண்ணீர்ச் சத்தம் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது.